முள் காட்டிய பக்கம்

மேஜைக்கு அந்தப் பக்கம் ஞானப்பிரகாசம் நின்றுகொண்டிருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன். வெளியே தூறல். அவருடைய காக்கிச் சட்டையிலிருந்து நனைந்த துணி வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து வந்தன. கைகளை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். நகக்கண்ணில் ஊறிய கறுப்பு போகவில்லை. அந்தக் கையில், மடிப்புக் கலையாமல், டைப் அடித்த ஒரு காகிதம்.

"ஒரு சைன், ஒரு சீல். அவ்ளோதான் சார். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துடணும்."

"கார் ஸ்டார்ட் ஆகட்டும். கையெழுத்தும் ஆகும்" என்றேன்.

சுற்றி இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். பிற்காலத்தில் ஹாஸ்யம் எழுதியே வயிறு வளர்த்தவன் நான். ஆனாலும் அவ்வளவு உடனடியான சிரிப்பு அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். இருவருக்கும் ஒரே வயது. இப்போது எழுத உட்கார்ந்தால் பேனாவிலிருந்து 'அவர்' என்று வருகிறது. மரியாதை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் இலாகா தபால்போல.

ஒரு மாத ராஜ்யம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று. மைசூர் சர்க்காரின் ஓர் இலாகாவில் நான் தலைமைக் குமாஸ்தா. எங்கள் சூப்பரின்டெண்டென்ட் மகள் கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவில் போனார். அவர் நாற்காலியை என்னிடம் விட்டுப் போனதற்கு ஆபீஸ் பாஷையில் பெயர், 'சார்ஜ்'. நான் இன்-சார்ஜ்.

அந்த ஒரு சொல் மனிதனை என்ன செய்யும் என்று அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நடை மாறும். பேனாவைப் பிடிக்கும் விதம் மாறும். ஒன்றும் இல்லாததற்கெல்லாம் தொண்டையைக் கனைக்கத் தோன்றும். மல்லேஸ்வரத்து வீட்டில் காப்பி தாமதமானபோதுகூட ஒரு தரம் கனைத்தேன். என் மனைவி கமலா சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஞானப்பிரகாசம் ஆஸ்டின் டவுன்காரர். தண்டு என்கிற பட்டாளப் பகுதியில் ஒரு சின்ன மோட்டார் ஷெட்டில் எலெக்ட்ரிக் வேலை பார்த்தார். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் பாதிக் கார்கள் வீட்டில் படுத்துவிட்டன. மாதக் கடைசியில் ஷெட்டை மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ராணுவ லாரிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது. கைவேலைப் பரீட்சையில் அவர் தேறிவிட்டார். பாக்கி இருந்தது நன்னடத்தைச் சான்று ஒன்றுதான். ஓர் அதிகாரியோ, ஓர் ஆபீஸின் சார்ஜில் இருப்பவரோ கையெழுத்துப் போட வேண்டும்.

அவருக்குத் தெரிந்த ஒரே அதிகாரி நான். அதுவும் அந்த மாதத்துக்கு மட்டும் அதிகாரி.

"அதற்கென்ன, வா, போட்டுத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது என் காரை அவர் சரிசெய்து முடித்திருந்த நேரம். நல்ல மனதோடு இருந்தேன்.

டைனமோ என்னும் குமாஸ்தா

நான் வாங்கிய குட்டிக் காரைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகர், 'அது ஓடியதா இல்லையா என்று சொல்லாமலே முடித்துவிட்டீர்களே' என்று கார்டு போட்டிருக்கிறார். ஓடியது. ஓடாமலே இருந்திருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

காருக்குள் ஓர் ஆபீஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனமோதான் குமாஸ்தா. இன்ஜின் சுழலச் சுழல அதுவும் சுழன்று கரண்ட் உண்டுபண்ணும். பாட்டரி சூப்பரின்டெண்டென்ட். பிறர் உழைத்ததைச் சேமித்து வைத்திருந்து, காலையில் காரைக் கிளப்பிப் பெயர் வாங்கிக்கொள்ளும். நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி. அது வாசல் பியூன். டைனமோ வேலை செய்யும்போது கதவைத் திறந்து கரண்டைப் பாட்டரிக்குள் விடும். இன்ஜின் நின்றால் கதவைச் சாத்தும். இல்லாவிட்டால் சேர்த்து வைத்ததெல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

கடைசியாக, டிரைவர் கண்ணுக்கு எதிரே கடிகாரம்போல ஒரு மீட்டர். ஒரு பக்கம் 'சி', மறுபக்கம் 'டி'. கரண்ட் பாட்டரிக்குள் போனால் முள் 'சி' பக்கம் சாயும். வெளியே போனால் 'டி' பக்கம். அது எந்த வேலையும் செய்யாது. யார் ஒழுங்கு, யார் ஒழுங்கில்லை என்று விரலை மட்டும் நீட்டும். எல்லா ஆபீஸிலும் அப்படி ஒருவர் உண்டு.

என் காரில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. சீமையில் செய்த வண்டி ஆனதால் 'கோடை', 'குளிர்காலம்' என்று ஒரு சுவிட்ச். கோடையில் பாதிச் சார்ஜ், குளிரில் முழுச் சார்ஜ். எங்கள் ஊரில் காலையில் கம்பளிக் குல்லாவும் மத்தியானம் விசிறியும் சாயங்காலம் குடையும் வேண்டும். நான் அந்தச் சுவிட்சைப் பல நாள் வெறித்துப் பார்த்துவிட்டு, நடுவில் நிற்குமா என்று முயன்றிருக்கிறேன்.

வண்டியின் விளக்கு மங்கியபோது ஞானப்பிரகாசத்திடம் கொண்டுபோனேன். டைனமோவைக் கழற்றினார். அதற்குள் கரண்டை வாங்கிக் கொடுக்கும் கரித்துண்டுகள் தேய்ந்திருந்தன. வேறு கரி போட்டு, உப்புத்தாளால் உள்ளே சுத்தம் செய்து மாட்டினார். ஹார்ன் அடித்துப் பார்த்தேன். பக்கத்தில் கட்டியிருந்த ஜட்கா குதிரை இரண்டடி நகர்ந்தது.

"டைனமோ ஜம்னு கீது சார். மீட்டர் மட்டும் செத்துப்போச்சு. கெடைக்கறப்ப வாங்கியாங்க, நான் மாட்டித் தரேன். அது இல்லாங்காட்டியும் வண்டி ஓடும்."

வண்டி ஓடியது. தினமும் ஸ்டார்ட்டரைத் தொட்டவுடன் எழுந்தது. எனக்குத்தான் அது போதவில்லை.

செத்த மீட்டருக்கு மறுபிறவி

யுத்த காலத்தில் புது உறுப்பு ஏது? பெரிய தெருக் கம்பெனிகளில் கேட்டால் கப்பல் வரட்டும் என்றார்கள். பழைய இரும்புக் கடைகளுக்கு எங்கள் ஊரில் குஜரி என்று பெயர். சிட்டி மார்க்கெட் பக்கத்துக் குஜரியில் காசிம் சாயபு என்று ஒருவர். இறந்துபோன கார்களின் உள்ளுறுப்புகளைச் சாக்கில் பரப்பி வைத்திருப்பார். அங்கே ஒரு மீட்டர் கிடைத்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

ஞானப்பிரகாசத்திடம் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் காரோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான். இரண்டே கம்பி, இரண்டே திருகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காருக்குள் மல்லாந்து படுத்து, தலையைப் பலகைக்கு அடியில் நுழைத்து, நானே மாட்டினேன். பொறி பறந்து புருவத்தில் கொஞ்சம் கருகியது. தவறு செய்ய இரண்டில் ஒரு வாய்ப்பு இருந்தது. அதை நான் கைவிடவில்லை.

இன்ஜினைக் கிளப்பினேன். முள் 'டி' பக்கம் சாய்ந்து, அங்கேயே நின்றது.

டைனமோ பாட்டரிக்குக் கொடுக்கவில்லை, பாட்டரியிடமிருந்து பிடுங்குகிறது! மறுநாள் காலை கார் தொட்டவுடன் எழுந்தது. அதற்கு மறுநாளும் எழுந்தது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அது நித்தம் சாட்சி சொன்னது. நான் முள்ளைத்தான் நம்பினேன். பத்து வருஷம் ஆபீஸில் இருந்தால், மனிதன் எதிரே நின்றாலும் ஃபைலைப் பார்த்துத்தான் அவன் உயிரோடு இருக்கிறானா என்று முடிவு செய்வோம்.

கமலா சொன்னாள்: "வண்டி ஒழுங்காத்தானே போவுது? அந்த முள்ளைத் துணி போட்டு மூடிடுங்களேன்."

பெரிசா இருந்தா நல்லது

அடுத்த ஞாயிறு மறுபடி குஜரி. கையேட்டின்படி, பாட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடினால் கட்-அவுட்டைச் சந்தேகிக்க வேண்டும். சாயபு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"ஆறு வோல்ட்டா, பன்னெண்டு வோல்ட்டா சாப்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"எது பெரியது?"

"பன்னெண்டு."

"பெரியதாகவே இருக்கட்டும். அதுதான் நல்லது."

சாயபு என்னை ஒரு கணம் பார்த்தார். படித்தவர் சொல்கிறார் என்று கட்டிக் கொடுத்துவிட்டார்.

அதையும் நானே மாட்டினேன். இன்ஜின் கிளம்பியது. முள் மெல்ல, ஒரு அரிசி அகலம், 'சி' பக்கம் நகர்ந்து நின்றது! கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டு ராவ் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். திங்களும் செவ்வாயும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில், இரண்டு சைக்கிள்காரர்கள் பிழைத்தது அவர்கள் ஆயுள் பலம்.

வியாழக்கிழமை காலை கார் எழவில்லை. கைப்பிடி போட்டுச் சுழற்றினேன். தோள்பட்டைதான் கழன்றது. பாட்டரியில் பொறி தட்டக்கூட உயிர் இல்லை.

கமலா காப்பி டம்ளரோடு வாசலில் நின்று பார்த்தாள். "வண்டி நல்லா இருந்தப்ப முள்ளைப் பாத்து அழுதீங்க. இப்ப முள் நல்லா இருக்கு, வண்டியைப் பாத்து அழறீங்க. எதுக்காவது ஒண்ணுக்கு அழுங்களேன்."

குற்றவாளி யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மீட்டர் நான் மாட்டியது. கட்-அவுட் நான் மாட்டியது. அவை இரண்டும் தப்பாக இருக்க முடியாது. மிச்சம் டைனமோ. அதைத் தொட்டவர் ஞானப்பிரகாசம்.

யார் சார் போட்டது?

அதற்கு மறுநாள்தான் அவர் என் மேஜைக்கு முன் வந்து நின்ற வெள்ளிக்கிழமை.

சிரிப்பு அடங்கியது. அவர் முகம் சுருங்கவில்லை, வேலை தெரிந்தவர் முகமாகிவிட்டது.

"ஸ்டார்ட் ஆவலியா? கரி புதுசு சார். இன்னும் ரெண்டு வருசம் தாங்குமே."

"உன் கரிதான் டைனமோவைத் தின்றுவிட்டது. கண்ட கரியைப் போட்டிருக்கிறாய்."

"யார் சார் சொன்னது?"

"மீட்டர் சொல்கிறது."

"மீட்டர்தான் செத்துப்போச்சே சார்?"

"வேறு மீட்டர் மாட்டியாயிற்று. கட்-அவுட்டும் மாற்றியாயிற்று."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "யார் சார் போட்டது?"

சாதாரணக் கேள்வி. 'நான்தான் போட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. அவர் சிரித்திருப்பார். ஆனால் நாலு குமாஸ்தாக்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்-சார்ஜ் அதிகாரி கார்த் தரையில் மல்லாந்து படுத்துப் புருவத்தைக் கருக்கிக்கொண்டார் என்பது சாயங்காலத்துக்குள் இலாகா முழுதும் பரவிவிடும்.

"பெரிய தெருவில் ஒரு கம்பெனி" என்றேன். "உன்னைப்போல ஷெட்டில் உட்கார்ந்து செய்கிறவர்கள் இல்லை."

"கம்பெனியா…" அவர் குரல் இறங்கியது. கம்பெனி மாட்டியது என்றால் அவராலும் சந்தேகப்பட முடியவில்லை. "அப்ப டைனமோதான். ஆனா எப்படி… சார், வண்டி வூட்லதானே கீது? மல்லேஸ்வரம் இப்பவே நடந்து போறேன். ரெண்டு நிமிசம் பாத்தா தெரிஞ்சிடும்."

ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயம். பலகைக்கு அடியில் தலையை விட்டால் என் முடிச்சுகள் தெரியும். வீட்டில் கமலா வேறு இருக்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"நீ தொட்டது போதும்."

அவர் காகிதத்தை மேஜை மேல் வைத்தார். காற்றில் பறக்காமல் என் மைக்கூட்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"வெச்சிட்டுப் போறேன் சார். ஷெட்டு இந்த மாசத்தோட மூடறாங்க. உங்களுக்குத் தெரியும். நாளைக்குப் பத்து மணிக்கு வெளியில வந்து நிக்கறேன். மனசு வந்தா போட்டு அனுப்புங்க."

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து நின்றார். ஜன்னல் வழியாகத் தலை தெரிந்தது. சூப்பரின்டெண்டென்ட் லீவு முடிந்து வந்திருந்தார், நான் சார்ஜ் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். முத்திரையும் சாவியும் கைமாறும் வரை எனக்கு ஒரு மணி நேரம் அதிகாரம் இருந்தது. பேனாவை எடுத்தேன். 'கொஞ்சம் காத்திருக்கட்டும், புத்தி வரும்' என்று வைத்துவிட்டேன். மேஜையைக் காலி செய்தபோது அந்தக் காகிதம் என் சட்டைப்பைக்குள் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் தலை இல்லை.

குஜரியில் ஒரு விசாரணை

ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு டைனமோ வாங்குவதற்காக, பழைய டைனமோவையும் கட்-அவுட்டையும் சாக்கில் கட்டி ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனேன். 'பழையதைக் கையில் எடுத்துப் போகாமல் உறுப்பு வாங்கக் கூடாது' என்று கையேடு சொல்லியிருந்தது. கையேட்டில் நான் சரியாகக் கடைப்பிடித்த ஒரே வாசகம் அது.

காசிம் சாயபு டைனமோவின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்தார். மூலையில் இருந்த பாட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தார். கெட்டுப்போன என் டைனமோ, பெல்ட்டும் இல்லாமல் இன்ஜினும் இல்லாமல், தானாக உறுமிக்கொண்டு சுழன்றது.

"ஏ தோ ஏக்தம் ஜோரா இருக்கு சாப்! யாரோ கையால நல்ல வேலை பண்ணியிருக்கான். இத்த ஏன் விக்கறீங்க?"

கட்-அவுட்டைப் பார்த்தார். "ஒங்க வண்டி ஆறு வோல்ட் சாப். இது பன்னெண்டு. ஆறு வோல்ட் டைனமோ எவ்ளோ முட்டினாலும் இந்தக் கதவு திறக்காது. பாட்டரி பட்டினி கெடந்து செத்திருக்கு. நான் கேட்டேனே அன்னிக்கி?"

"ஆனால் முள் 'சி' பக்கம் காட்டியதே!"

அவர் வெற்றிலையை ஓரம் தள்ளினார். "அதுக்கு முன்னாடி, பழைய கட்-அவுட் இருந்தப்ப?"

"'டி' பக்கம்."

"இன்ஜின் நிறுத்தி, லைட்டு போட்டா?"

அப்படி ஒரு தரம் பார்த்திருக்கிறேன். "'சி'."

சாயபு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "வயரு உல்டா சாப்! ரெண்டு வயரும் மாத்தி மாட்டியிருக்கு. எந்தக் கழுதை மாட்டினான்?"

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய? கார் நன்றாக இருந்தபோது முள் நாசம் என்றது. நாசமானபோது க்ஷேமம் என்றது. இரண்டு தரமும் நான் அதன் சொல்லைக் கேட்டேன்.

பையில் காகிதம் இருந்தது. ஜட்காவில் போய்க்கொண்டே, குலுக்கலில் கோணல் மாணலாக, வெள்ளிக்கிழமைத் தேதியிட்டு, 'இன்-சார்ஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இலாகாவில் தெரிந்திருந்தால் என் வேலை போயிருக்கும். முத்திரை இல்லை. அடியில் என் கைப்பட ஒரு வரி சேர்த்தேன்: 'இவருடைய நேர்மையையும் திறமையையும் நான் சொந்த அனுபவத்தில் அறிவேன்.'

ஆஸ்டின் டவுன்

மாதா கோவிலில் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஞானப்பிரகாசத்தின் வீட்டு வாசலில் ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அதில் துணிகளுக்கு நடுவே ஸ்பானர்களைச் சாக்குத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். வண்டி கெளம்பிடுச்சா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கிளம்பிவிடும். உங்கள் வேலையில் தப்பில்லை" என்று காகிதத்தை நீட்டினேன். 'உங்கள்' என்று வந்ததை அவரும் கவனித்தார் என்று நினைக்கிறேன். இங்கிலீஷ் எழுத்துகளை விரல் வைத்துப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். நேத்து பன்னெண்டு மணிக்கு கேட்டை மூடிட்டாங்க. எனக்குப் பின்னாடி நின்னவன்கிட்ட பேப்பர் இருந்துச்சு, அவனைக் கூப்பிட்டுக்கிட்டாங்க. பரீட்சையில பாத்தேன். பல்பு மாட்டவே கை நடுங்குது அவனுக்கு. யுத்தம் முடியறதுக்குள்ள கத்துக்குவான்."

"இனி என்ன செய்வதாக…"

"மச்சான் தங்கவயல்ல இருக்கான். சுரங்கத்துல கல் தள்ள ஆள் எடுக்கறாங்களாம். ராத்திரி ரயிலுக்குப் போறேன். பூமிக்குள்ள எறங்கறவனுக்கு சர்டிபிகேட் எதுக்கு? மாரை அளந்து பாப்பாங்க, அவ்ளோதான்."

அவர் மனைவி பிலோமினா காப்பி கொண்டுவந்து என் பக்கம் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னதான் சார் ஆச்சு வண்டிக்கு?" என்றார் ஞானப்பிரகாசம். தெரிந்துகொள்ளாமல் ரயில் ஏற முடியாதவர்போல இருந்தது.

சொன்னேன். மீட்டர்க் கம்பி மாறியதைச் சொன்னேன். பன்னிரண்டு வோல்ட்டைச் சொன்னேன். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"பிலோமி, கேட்டியா? மீட்டரை உல்டாவா மாட்டிட்டு, டைனமோ மேல பழி போட்டுட்டானுங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "கம்பெனின்னு சொன்னீங்களே சார். அங்க யாரு போட்டது?"

பிலோமினா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தேன். இந்த முறை குமாஸ்தாக்கள் யாரும் இல்லை. சார்ஜும் இல்லை.

"யாரோ ஒரு ஆள்" என்றேன். "பெயர் தெரியவில்லை."

ஞானப்பிரகாசம் ஸ்பானர் சுற்றிய துணியின் முடிச்சை இறுக்கினார்.

"புது ஆளா இருப்பான் சார். நீங்க இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போட்டீங்கன்னா அவன் வேலை போயிடும். பாவம், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும். கூப்பிட்டுக் கண்டிச்சு வுடுங்க, போதும். அவனைப் பத்தி எழுதிடாதீங்க."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவருக்கு நான் கொடுத்த வாக்குகளில் காப்பாற்றியது அது ஒன்றுதான். அதுவும் இந்த வாரம் வரைக்கும்.